பின்னோக்கி நான்கு கியர்

1996 நவம்பர் 9, சனிக்கிழமை. மெக்சிகோ நகரின் வட விளிம்பிலுள்ள குவாவ்தெபெக்கில், சந்தை டாக்ஸி நிலையத்தில் காலியாயிருந்த ஒரே இடத்துக்கு ஏற்றச் சோதனை நடந்தது. பின்னிருக்கையில் மூன்று பேரோடு வோச்சோ, அதாவது வண்டு வடிவ ஃபோக்ஸ்வாகன் கார், தேவாலயம் வரை மலையேற வேண்டும்.

அந்த இடம் கிடைத்தால், நகரத்துப் பணக்கார வீடுகளில் தரை துடைக்கும் வேலையை ஒதிலியா விட்டுவிடலாம்.

நான்கு வண்டிகளின் எச்சங்களைக் கொண்டு இஞ்சினை அவளே கட்டியிருந்தாள். இரண்டு சிலிண்டர்கள் மற்ற இரண்டைவிடச் சிறியவை என்று அளந்து கண்டுபிடித்து மாற்றினாள். ஸ்டார்ட்டர் பற்களோடு ஒட்டாத பழைய ஃபிளைவீலைக் கழற்றி எறிந்தாள். கியர்பெட்டி மட்டும் கிடைக்கவில்லை. முந்தின நாள் அதைக் கொண்டுவந்தவன் நபோர். அவள் மகனுக்கு ஞானத்தந்தை, பக்கத்துத் தெரு மெக்கானிக். அந்த உறவு முறையில் அவளைக் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவான்.

"அறுபத்தேழு வோச்சோப் பெட்டி, கொமாத்ரே. நெய் மாதிரி வழுக்கும்."

கியரைப் போட்டு, தண்டைக் கையால் சுழற்றி, அச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கக் குனிந்தாள். நபோரின் முகம் சுருங்கிற்று.

"உம் புள்ளய ஞானஸ்நானத் தொட்டியில ஏந்தின கை இது. இதையே சோதிக்கிறியா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள்; சோதிக்காமலே பெட்டியை வண்டியில் பூட்டினாள். பாதிரியார் தீர்த்தம் தெளிக்காமல் அங்கே யாரும் வண்டியை ஓட்டுவதில்லை. மறுநாள் காலை தள்ளிக்கொண்டுதான் மலையடிவாரத்துக்குப் போனாள். தீர்த்தம் தெளித்தாயிற்று. நிலையத்தின் மூன்று தடியர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். இஞ்சின் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டாள்.

வண்டி பின்னால் பாய்ந்து தமால் என்னும் சோளமாவுக் கொழுக்கட்டை விற்பவளின் ஆவிப்பானையைக் கவிழ்த்தது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிலர் கையில் பீர் பாட்டிலோடு முன்கூட்டியே வந்து நின்றிருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"ஏய், தேவாலயம் அந்தப் பக்கம்!"

இரண்டாம் கியரிலும் வண்டி பின்னால்தான் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இது வோச்சோப் பெட்டியல்ல, அதே கம்பெனியின் பழைய கொம்பி வேனுடைய பெட்டி. அந்த வேனில் சக்கரத்தருகே உள்ள இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் சுழற்சியைத் திருப்பிவிடும். அதனால் பெட்டிக்குள் பெரிய பல்சக்கரம் எதிர்ப்பக்கம் இருக்கும். வோச்சோவுக்கு அதைப் பிரித்து மாற்றிப் போட வேண்டும். யாரும் மாற்றவில்லை.

ஒதிலியா ரிவர்ஸ் கியரைப் போட்டாள். வண்டி முன்னால் நகர்ந்தது. இஞ்சின் அலற, மூன்று தடியர்களையும் சுமந்துகொண்டு நிற்காமல் தேவாலயம் வரை ஏறிற்று. சிரிப்பு நின்றது.

நிலையத் தலைவர் தொன் கவுதென்சியோ மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார்.

"ஏறிருச்சு, சரி. ஆனா முன்னாடி போக ஒரே கியர். இதுல சவாரி ஏத்த முடியுமா, பொண்ணே?"

"சாயங்காலம் வரைக்கும் விடுங்க, தொன். பெட்டியத் தொறந்து மாத்திப் போட்டுர்றேன்."

"சோதனை காலையில. முடிஞ்சுபோச்சு."

கூட்டத்தில் நின்ற நபோரிடம் போனாள்.

"உனக்குத் தெரியும்ல?"

"பாத்தாலே தெரியுமே, கொமாத்ரே. நீதான் பெரிய மெக்கானிக்காச்சே." அவன் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்தான். "என் மச்சானுக்கும் வயிறு இருக்குல்ல."

இடம் நபோரின் மச்சான் வுல்ஃப்ரானோவுக்குக் கிடைத்தது. தமால்காரிக்குப் புதுப் பானை ஒதிலியாதான் வாங்கிக் கொடுத்தாள். திங்கட்கிழமை பஸ் ஏறித் தரை துடைக்கப் போனாள்.