டொக்டருக்கு முன்னால் போகாதவர்கள்

அன்று வந்திருந்தவர்கள்: டொக்டர் வரதராஜா, வயது அறுபத்தொன்று, மெல்பேர்ன் நகரத்து மல்கிரேவில் சொந்தக் கிளினிக், சைக்கிள் கழகத்தின் தலைவர். இந்திரகுமார், கணக்காளர், கழகத்தின் செயலாளர், டொக்டர் தும்மினால் கைக்குட்டை எடுப்பவர். நூர்தீன், கல்முனைக்காரர், இறைச்சிக் கடை முதலாளி, கழகத்தின் ஒரே முஸ்லிம். கழகம் எல்லோருக்கும் பொதுவானது என்று படத்தில் காட்ட அவரைத்தான் நடுவில் நிற்பாட்டுவார்கள். டொக்டரின் மனைவி ரஞ்சினி, இந்திரகுமாரின் மனைவி சிவனேஸ்வரி. இருவரும் சைக்கிள் ஓடுவதில்லை, காரில் நேரே போய் உணவகத்தில் மேசை பிடிப்பார்கள். கடைசியாகச் சுஜீதன், வயது இருபத்துமூன்று, கழகத்தில் உறுப்பினர் அல்ல. பம்பும் ஒட்டுப்பெட்டியும் ஆறு போத்தல் தண்ணீரும் அவன் முதுகில் இருந்தன.

சுஜீதனுக்குச் சைக்கிளும் பிடிக்காது, இந்த ஆட்களையும் பிடிக்காது. அவனுக்குத் தேவை ஒரு கடிதம். இரண்டு வருடத்துக்கு முன் பொறியியல் படிப்பில் கோட்டைவிட்டவனைப் பல்கலைக்கழகம் வெளியே அனுப்பியது. அன்றிலிருந்து ட்ருகனினாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் இரவு வேலை. விடியவிடிய உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்குவது. இப்போது பல்கலைக்கழகம், அந்த நாட்களில் சுகமில்லாமல் இருந்ததற்கு வைத்தியரின் கடிதம் கொண்டுவந்தால் திரும்ப எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று எழுதியிருந்தது. தவணை திங்கட்கிழமை மத்தியானம். அதற்குப் பிறகு கதவு கிடையாது.

சுகமில்லாமல் இருந்தது பொய்யல்ல. அந்த வருடம் நான்கு தடவை வரதராஜாவிடம் போய், நித்திரை வருவதில்லை, கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை என்று சொன்னான். நான்கு தடவையும் டொக்டர் சூடாகப் பால் குடிக்கச் சொன்னார். இந்தமுறை கடிதம் கேட்டபோது, "அதுக்கென்ன தம்பி, ஞாயிற்றுக்கிழமை எங்களோட சைக்கிள் ஓட வாரும். நல்ல காத்து. பிறகு பாப்பம்" என்றார். போன கிழமை ரயருக்கு ஒட்டுப்போட ஆளில்லாமல் கழகம் நடந்து திரும்பிய கதை சுஜீதனுக்குத் தெரியாது.

ஞாயிறன்று போன இடம் மெல்பேர்னுக்கு வடக்கே இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். நீர்ப்பாசன வாய்க்கால் ஒன்று வயல்களுக்கு நடுவே ஓடுகிறது. அதன் கரையோரமாக வாய்க்கால் பராமரிப்புக்காரர்கள் போட்ட சரளைக்கல் பாதை. கார் இல்லை, லொறி இல்லை, சிக்னல் விளக்கு இல்லை. ஒரு பக்கம் மண்ணிறத் தண்ணீர், மறுபக்கம் புதுத் துளிர் விட்ட திராட்சைக் கொடிகள், வரிவரியாய், கம்பியில் கட்டி. அழகான இடம்தான். அந்த இடத்தைக் கெடுக்க இவர்கள் மாம்பழ நிறத்தில் இறுக்கமான உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"பாத்தீரே முந்திரிகைத் தோட்டம்? பிரான்சுக்குப் போகத் தேவையில்லை," என்றார் டொக்டர், திராட்சைக் கொடிகளைக் காட்டி.

"தேவையே இல்லை," என்றார் பிரான்சுக்குப் போயிராத இந்திரகுமார்.

கழகத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: டொக்டருக்கு முன்னால் யாரும் போகக்கூடாது. பாதை நாலு பேர் சேர்ந்து போகும் அகலம். ஆனாலும் டொக்டர், அவருக்குப் பின்னால் செயலாளர், செயலாளருக்குப் பின்னால் நூர்தீன் என்று சாமி ஊர்வலம் மாதிரி போனார்கள். நடக்கிறவன் முந்திவிடுகிற வேகம். டொக்டர் நின்று தண்ணீர் குடித்தால் எல்லோருக்கும் தாகம். டொக்டர் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினால் மற்ற இருவரும் கொடிகளை ஆராய்ந்தார்கள். எட்டாவது கிலோமீற்றரில் டொக்டரின் பின் ரயர் காற்றுப் போனது. சுஜீதன் முழங்காலில் இருந்து ஒட்டும்வரை, நித்திரைக்கு உடற்பயிற்சி எவ்வளவு நல்லது என்று டொக்டர் அவன் தலைக்கு மேலே நின்று விளக்கினார். முதல் நாள் இரவு பத்து மணித்தியாலம் பெட்டி தூக்கியவன் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டான்.

அதற்குக் கொஞ்சம் அப்பால் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பாலம் வந்தது. பாலத்தடியில் பலகை: உணவகம் இடப்பக்கம், நாலு கிலோமீற்றர். குருடனுக்கும் தெரியும் அளவு எழுத்து. டொக்டர் பலகையைக் கடந்து நேரே போனார். இந்திரகுமாரும் போனார்.

"அங்கிள், பாலத்தால திரும்பவேணும்!" என்று சுஜீதன் கத்தினான்.

டொக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. "போன வருசமும் நான் இதாலதான் வந்தனான், தம்பி."

"டொக்டர் சொல்லுறார்தானே. பேசாமல் வாரும்," என்றார் இந்திரகுமார். போன வருடம் அவர்கள் வந்தது வேறு வாய்க்கால். அது அவருக்கும் தெரியும்.

நூர்தீன் வேகத்தைக் குறைத்துச் சுஜீதனுக்குப் பக்கத்தில் வந்தார். அவர் கடைக்கு ஆடு வாங்க மாதம் ஒருமுறை இந்தப் பக்கம் வருகிறவர். "பிழையான வழிதான் மகன். இது போய்த் தண்ணி இறைக்கிற இடத்தில முடியும்."

"அப்ப சொல்லுங்கோவன்."

"ஆரு சொல்றது? ஆடும் இப்பிடித்தான். முன்னுக்குப் போற ஆடு லொறியில ஏறினா மத்ததெல்லாம் ஏறும். எனக்கு அதுல நட்டமில்ல." சிரித்துவிட்டு முன்னால் போய்த் தன் இடத்தில் செருகிக்கொண்டார்.

பதினொரு கிலோமீற்றர். முடிவில் பூட்டிய இரும்புப் படலை, அதற்குப் பின்னால் ஒரு பம்பு வீடு. டொக்டர் இறங்கிப் படலையை ஆட்டிப் பார்த்தார். படலைக்கு அவர் டொக்டர் என்று தெரியாது.

"இஞ்சத்தை வியூ அந்தமாதிரி," என்றார் இந்திரகுமார். வியூ என்று அங்கே இருந்தது ஒரு தகரக் கூரை. அதையும் படம் எடுத்தார்.

திரும்பிய பாதையில் காற்று எதிராக வீசியது. உணவகத்தை அடைந்தபோது மூன்று மணி. குசினி இரண்டு மணிக்கே மூடிவிட்டது. மரத்தடி வாங்கில் ரஞ்சினியும் சிவனேஸ்வரியும் வெயிலில் சிவந்துபோய் இருந்தார்கள். மேசையையும் விடச் சொல்லிவிட்டார்களாம். கொண்டுவந்த கட்லட்டை எடுத்தபோது, வெளிச் சாப்பாடு கூடாதென்று ஒரு பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாளாம்.

"ரெண்டரை மணித்தியாலம்! ஃபோனும் வேலை செய்யேல்லை," என்றார் ரஞ்சினி. "வாய்க்காலுக்குள்ள விழுந்திட்டியளோ எண்டு நான் இஞ்ச நெஞ்சிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஆர் பாதையில பிழைவிட்டது?"

"கேள்வியைப் பாருங்கோ அக்கா," என்றார் சிவனேஸ்வரி, புருஷனை ஒரு பார்வை பார்த்து. "ஆர் முன்னால போறவை எண்டு எங்களுக்குத் தெரியாதோ?"

டொக்டர் தலைக்கவசத்தைக் கழற்றினார். வியர்வையில் மயிர் மண்டையோடு ஒட்டியிருந்தது. "தம்பி இளம் பெடியன்தானே," என்றார் சாவகாசமாக. "அவசரப்பட்டு முன்னால போயிட்டார். தனிய விடேலாதெண்டு நாங்களும் பின்னால போனனாங்கள்."

பெண்கள் இருவரும் சுஜீதனைப் பார்த்தார்கள். இந்திரகுமார் தன் சப்பாத்தைப் பார்த்தார். நூர்தீன் வானத்தைப் பார்த்தார்.

காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடிக்க வேண்டும். கழுதை எதிரில் மாம்பழ நிறத்தில் நின்றது. சுஜீதன் மூச்சுவிடும் நேரம்கூட யோசிக்கவில்லை.

"ஓம் அன்ரி. என்ர பிழைதான். பலகையைப் பாக்கேல்லை. சொறி."

"இந்தக் காலத்துப் பிள்ளையள்," என்றார் ரஞ்சினி. சிவனேஸ்வரி நம்பவில்லை, ஆனால் பசியில் இருந்தார். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடி ஆறு பேரும் கட்லட் தின்றார்கள். டொக்டர் தன் கையால் ஒன்றை எடுத்துச் சுஜீதனுக்குக் கொடுத்து முதுகில் தட்டினார். "ஆறரைக்குக் கிளினிக்குக்கு வாரும். உம்மட விசயத்தை முடிச்சுவிடுவம்."

ஆறரைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கிளினிக்கில் வேறு ஆள் இல்லை. டொக்டர் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கம்பியூட்டருக்கு முன் இருந்தார். எதிர்க் கதிரையைக் காட்டினார்.

"நாலு தரம் வந்திருக்கிறீர்தான். எல்லாம் கிடக்கு," என்று திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா தம்பி, வரேக்க காரில யோசிச்சுக்கொண்டு வந்தனான். இண்டைக்கு நீர் செய்தது சரியில்லை. வயசுபோன மூண்டு ஆக்களை, பலகையைக்கூடப் பாக்காமல், பதினொரு கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போனீர். பொறுப்பில்லாத ஆளைத் திரும்பப் படிக்க விடுங்கோ எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

பகிடி என்று நினைத்து சுஜீதன் அவர் முகத்தைப் பார்த்தான். பகிடி இல்லை. அந்த மனிதன் இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் தன் பொய்யைத் தானே முழுசாக நம்பியிருந்தான்.

"அங்கிள், முன்னால போனது நீங்கள். நான் கத்தினனான், பாலத்தால திரும்பச் சொல்லி."

"அப்ப மத்தியானம் எல்லாருக்கும் முன்னால உம்மட பிழை எண்டு சொன்னது?"

"உங்களுக்காகத்தான் சொன்னனான்."

"பொய் சொன்னீர்." டொக்டர் கதிரையில் சாய்ந்தார். நாள் முழுக்க இல்லாத திருப்தி அவர் முகத்தில் வந்தது. "கண் வெட்டாமல் சொன்னீர். அப்ப நித்திரை இல்லை எண்டு வந்து சொன்ன நாலு தரமும் உண்மை எண்டு நான் எப்பிடி நம்புறது? எனக்கும் லைசென்ஸ் எண்டு ஒண்டு இருக்கு, தம்பி."

"நாளைக்கு மத்தியானம் கடைசி, அங்கிள்."

"அதை நீர் முந்தியே யோசிச்சிருக்க வேணும்."

சுஜீதன் எழுந்தான். சொல்ல நிறைய இருந்தது. எல்லாம் கெட்ட வார்த்தை. அதைக்கூட இந்த ஆள் குறித்துவைத்துக்கொள்வான் என்று தோன்றியது. டொக்டரும் மரியாதையாக எழுந்து வாசல்வரை கூடவே வந்தார். கதவைத் திறந்து பிடித்து, அவனை முன்னால் போகவிட்டார்.

"நித்திரைக்குப் பாலைக் குடியும்," என்றார்.

சுஜீதன் படியில் கால் வைத்தான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டில் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.