கல்யாணப் படத்துத் தலைமுடி

…நாற்பதுக்கு மேல் என்று சொல்லியே விட்டான், மருத்துவர் கேட்டதென்னவோ அப்பாவை, முந்திக்கொண்டது மகன், "அப்பாவுக்கு நாப்பதுக்கு மேலதான் டாக்டர் முடி கொட்டுச்சு, லிஃப்ட் மெக்கானிக் வேலை, நாள் பூரா தலையில ஹெல்மெட், இவர் கல்யாண போட்டோவ நீங்க பாக்கணுமே, சீப்பே இறங்காது" என்று எவ்வளவு உறுதியாக… இறங்காதுதான், வலையில் தைத்த முடியில் சீப்பு எப்படி இறங்கும்? அவருக்குக் காதுமடல் சுட்டது. ஹெல்மெட்டின் மேல் பழியைப் போட்டது யார், இவரேதான், பிள்ளை சிறுவனாக இருந்தபோது விளையாட்டாகச் சொன்னது, அதை அவன் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் நெற்றி ஏறத் தொடங்கியதும் தண்ணீரைக் குறை சொன்னான், ஷாம்பூவைக் குறை சொன்னான், அப்பாவின் தலையை மட்டும் சொல்லவில்லை. அன்று பல்பு மாற்ற முக்காலியில் ஏறியபோது, கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றவனுடைய உச்சந்தலை தெரிந்தது, சுழியைச் சுற்றி ஒரு வெளுப்பு, இவருக்குக் கால் நடுங்கிற்று, "முக்காலி ஆடுதாப்பா?" என்றான், "ஆடுது" என்றார், வேறென்ன சொல்ல முடியும்?

இந்த மருத்துவரிடம் அழைத்து வந்ததே இவர்தான், பையன் வேறோர் இடத்தில் முடி நட அடுத்த வாரத்துக்கு நாள் குறித்துவிட்டான், அவர்களுடைய விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினான், 'நிறந்தரத் தீர்வு', நிரந்தரத்துக்கு வல்லின றகரம் போடுகிறவர்கள் எதைத்தான் சரியாக நடுவார்கள், வயதைக் கேட்கவில்லை, அப்பனைக் கேட்கவில்லை, வா, படு, நடுகிறோம்… பிள்ளைகளின் கூச்சத்தை வைத்துக் கடை விரித்திருக்கிறார்கள். இவனோ பேருந்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் 'அங்கிள்' என்று கூப்பிட்ட நாளிலிருந்து தொப்பியைக் கழற்றுவதில்லை, கைப்பேசியில் மட்டும் பழகும் ஒருத்தியைத் தலை நிறைந்த பிறகே நேரில் பார்க்கப் போகிறானாம். மருத்துவரோ காகிதத்தில் ஒரு தலையை வரைந்து நிதானமாகச் சொன்னார், "பின்னாடி இருக்கறத எடுத்து முன்னாடி நடறோம், அது நிக்கும், ஆனா அதுக்குப் பின்னால உள்ள உங்க சொந்த முடி கொட்டிட்டே போகும். வேலி இருக்கும், தோட்டம் இருக்காது. எடுக்கறதுக்கும் அளவு இருக்கு, தம்பி. அப்பாவுக்கு லேட்டா போச்சுன்னா யோசிக்கலாம், சின்ன வயசுலயே போச்சுன்னா முதல்ல மாத்திரைதான்." அப்படியானால் எல்லாம் இப்போது இவருடைய வாயில்தான் நிற்கிறது, நாற்பது என்பதைத் தலையசைத்து ஒப்புக்கொண்டால் போதும், பிள்ளை இன்றே சிரிப்பான், தலையில் வேலி மட்டும் மிஞ்சும்போது யார் முகத்தில் விழிப்பது? கல்யாணப் படத்தில் இருக்கும் முடியோ, இரண்டு வரன்கள் தட்டிப்போன பிறகு அக்காள் கணவர் நாடக ஒப்பனைக்காரரிடமிருந்து வாங்கிவந்தது அது, "போட்டோ முடியற வரைக்கும் தலைய ஆட்டாத மச்சான், பறந்துடும்" என்று பசையைத் தடவினார், படங்களில் எல்லாம் கம்பத்தை விழுங்கியவர்போல் நிற்கிறார், மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று ஊரே மெச்சியது…

"இருபத்து மூணு, டாக்டர்" என்றார், தம் குரல் தமக்கே அந்நியமாக. "இருபத்தஞ்சுல இதே தலைதான்." மகன் திரும்பினான். "அப்போ போட்டோ?" "விக்குப்பா அது." மருத்துவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. தினமும் ஒரு மாத்திரை, பலன் தெரிய மாதங்கள் ஆகும், நிறுத்தினால் மறுபடியும் கொட்டும், சிலருக்கு ஆசை குறையலாம், மனம் சோரலாம், அப்படி இருந்தால் வெட்கப்படாமல் வந்து சொல்ல வேண்டும், நடுவதை ஒரு வருடம் கழித்துப் பேசலாம் என்றார். "அதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டு அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

தாழ்வாரத்தில் அவன் முன்னால் நடந்தான், கோபமா, அழுகிறானா, பின்னாலிருந்து தொப்பிதான் தெரிந்தது, ஏன்டா நான் உன்னை ஏமாற்றினேனா, ஏமாற்றத்தான் செய்தேன், ஆனால் உன்னையில்லை… படிக்கட்டருகே நின்றான். "அம்மாவுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு மறுநாள் காலைல. அதைக் கழட்டிட்டு வாஷ்பேசின்கிட்ட நின்னேன், வந்துட்டா."

"அம்மா மூஞ்சி எப்படிப்பா இருந்துச்சு?"

கிண்டல் இல்லை, தெரிந்தே ஆக வேண்டும் என்பதுபோல் கேட்டான், தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டு. அவர் வாயைத் திறந்தார், கதவு கிரீச்சிட்டது நினைவிருக்கிறது, சோப்பின் வாசனை நினைவிருக்கிறது, ஏதோ சொன்னாள், சிரித்தாளா, பாவம் என்றாளா, கண்ணாடியில் அவளும் தெரிந்திருப்பாளே, தோளுக்குப் பின்னால், மிக அருகில்… இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட இதைத் தேடிப் பார்க்கவில்லை, இப்போது தேடினால், அந்தக் கண்ணாடி முழுவதும் அவருடைய தலை மட்டுமே இருந்தது.