நட்சத்திரப் போர்வைக்கு ஒரு ஏழை

ஒட்டுப்போர்வைச் சங்கத்தின் போட்டியில் முதல் பரிசு தனக்கென்று அறிவித்த அந்த நிமிடத்திலேயே பல் டாக்டரம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மேடையேறிச் சிரித்தார், கைகுலுக்கினார், போட்டோவுக்கு நின்றார். எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே கண் மட்டும் சுவரில் தொங்கிய தன் போர்வையைவிட்டு நகரவில்லை.

ஒட்டுப்போர்வை என்றால் சிலர் ஏதோ கிழிசலுக்கு ஒட்டுப்போட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சங்கத்துப் பெண்கள் காதில் விழும்படி அப்படிச் சொல்லிவிட்டு யாரும் உருப்படியாக வீடு போய்ச் சேர முடியாது. வண்ண வண்ணத் துணிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் பஞ்சும் அதற்கடியில் இன்னொரு துணியும் வைத்துத் தைத்து எடுப்பது. டாக்டரம்மாவின் போர்வையில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே ஒரு நட்சத்திரம். வெள்ளையில் தொடங்கி, வெளியே போகப் போக நீலம் ஏறி, கடைசியில் நல்ல கருநீலம். வருஷக் கணக்கில் தைத்தார். கிளினிக்கில் நோயாளியின் ஈறில் ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போகும் வரை உள்ளே போய் நாலு தையல் போட்டுவிட்டு வருவார். நாலு தையல் நாற்பதாகி, மரத்தது தெளிந்த பிறகு பல்லைப் பிடுங்கிய கேஸும் உண்டு. அவர்கள் போட்ட கூச்சலும் அந்த நட்சத்திரத்தில் சேர்த்திதான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், சங்கத்துக்கு ஒரு விதி இருந்தது. முதல் பரிசு வாங்கும் போர்வை, அந்த வருஷம் மிகவும் கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்குத் தானமாகப் போய்விடும். கஷ்டப்படுகிறவர்களுக்காகத்தான் சங்கமே. போட்டிக்கு வைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தால் போர்வை தப்பியிருக்கும். ஆனால் போட்டிக்கு வைக்காத போர்வைக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? டாக்டரம்மாவுக்குப் பரிசும் வேண்டும், போர்வையும் வேண்டும்.

எந்தக் குடும்பம் என்று முடிவு செய்ய அடுத்த வாரமே கூட்டம் போட்டார்கள். தையல் மெஷின்களையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, இஸ்திரி மேஜையின்மேல் டீயும் பிஸ்கெட்டும் வைத்திருந்தார்கள். தலைவி ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். கையைத் தூக்காமல் அவர் முன்னால் யாரும் இருமக்கூட முடியாது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை எழுந்து நின்று சொல்ல வேண்டும், பிறகு ஓட்டெடுப்பு. குடும்பத்தின் பெயரை மட்டும் சொல்லக்கூடாது, ஏனென்றால் அது அவர்கள் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். பெயரைத் தவிர மற்ற அத்தனையையும் சொல்லலாம்.

ஒரு பெண் எழுந்து ஒரு விதவையைப் பற்றி ஆரம்பித்தாள்.

"விதவைக்குப் போன வருஷமே குடுத்தாச்சு," என்றார் தலைவி. "உக்காரு. அடுத்தது?"

பேக்கரிக்காரம்மா எழுந்தார். கடைத்தெருவில் பெரிய பேக்கரி அவருடையது. எதற்கெடுத்தாலும் பொலபொலவென்று கண்ணீர் விடக்கூடியவர், பரிசில் இரண்டாவதாக வந்தவர். "எனக்குத் தெரிஞ்ச ஒரு வாட்ச்மேன். லிஃப்ட் கதவுல மாட்டி கால் ஒடஞ்சுபோச்சு. பொண்டாட்டி இல்ல. வீட்ல வயசான அப்பா, அவருக்குக் கண்ணு தெரியாது."

கூட்டம் 'த்சொ த்சொ' என்று கொட்டியது. தலைவி திருப்தியாகத் தலையாட்டினார். ஒரே வீட்டில் காலும் கண்ணும் சேர்ந்து அமைவது லேசில் கிடைக்காது.

டாக்டரம்மாவின் மனக்கண்ணில் அந்த வாட்ச்மேன் தெரிந்தான். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி, சரியாக நட்சத்திரத்தின் வெள்ளை நடுவில் வைத்திருந்தான். பக்கத்தில் கண் தெரியாத அப்பா கையில் டம்ளர் நிறைய டீ. அவ்வளவுதான், கையைக்கூடத் தூக்காமல் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒரு குடும்பம் தெரியும்."

எழுந்த பிறகுதான் எந்தக் குடும்பம் என்று யோசித்தார். போர்வை போகிற வீடு, நாளைக்கே போய்த் திருப்பி வாங்கிவரக்கூடிய வீடாக இருக்க வேண்டும். அப்போதுதான் வருஷக் கணக்கில் நினைத்தே பார்க்காத நாத்தனார் ஞாபகத்துக்கு வந்தாள். கணவரின் ஒரே தங்கை. அச்சாபீஸில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு அதே ஊரின் மறுகோடியில் இருந்தாள். முன்பொரு தரம் கைக்குழந்தையோடு வந்திருந்தபோது, சோபாவில் அழகுக்கு விரித்திருந்த போர்வையின்மேல் பிள்ளையைக் கிடத்திவிட்டாள். பிள்ளை, பிள்ளைகள் செய்கிற காரியத்தைச் செய்தது. "துணியோட அருமை தெரியாத ஜென்மங்க," என்றார் டாக்டரம்மா. நாத்தனார் ஈரப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனவள்தான். அவ்வளவு ரோஷக்காரி இந்த வீட்டுப் பொருளைக் கையால்கூடத் தொட மாட்டாள். பத்திரமாகத் திரும்பிவிடும்.

"வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சு," என்று ஆரம்பித்தார். வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தார். "மொட்டை மாடிக்கு நேர் கீழ வீடு. மழை பெஞ்சா உள்ள ஒழுகுது. ரெண்டு பொண்ணுங்க. குளிருக்கு ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டே தூங்குதுங்க."

"கால் கீல் ஏதாவது ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டார் பேக்கரிக்காரம்மா.

"இன்னும் இல்ல."

கூட்டம் தயங்கியது. வாட்ச்மேன் பக்கம் காற்று வீசுவது தெரிந்தது. டாக்டரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவ தன் பங்கையும் பிள்ளைங்களுக்கே போட்டுடுவா. சாப்பிட்டியான்னு கேட்டா, பசிக்கலன்னு சொல்லுவா."

தான் சொன்னதில் அவருக்கே மனம் உருகிவிட்டது. தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டெடுப்பில் வாட்ச்மேன் படுதோல்வி. பாவம், கால் உடைந்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்தார். "உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்க."

அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். தங்கை பேச்சை எடுத்தால் சண்டை வரும் என்று அந்தப் பேச்சையே விட்டுவிட்ட மனிதர்.

"ஒரு பார்சல் வரும். பிரிக்காம அப்படியே வெச்சிருக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் போய் எடுத்துக்கறேன்."

"என்ன பார்சல்?"

"என் போர்வை. அதுக்கு மேல கேக்காதீங்க."

அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"ரொம்ப சந்தோஷப்பட்டா," என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அடுத்தவர் பார்சலைக் காவல் காப்பதில் ஒருத்திக்கு என்ன சந்தோஷம் என்று டாக்டரம்மா யோசித்திருக்க வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

தைத்தவரே போர்வையைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது என்பதும் சங்கத்தின் விதி. முன்பு அப்படிக் கொண்டுபோன ஒரு அம்மாள் வாசலில் நின்று ஒரு முனையைக் கொடுத்துவிட்டு மறுமுனையை விடமாட்டேன் என்று அழுது, அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆகவே பேக்கரிக்காரம்மா தன் வேனில் எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை உண்மை டாக்டர். கொஞ்சம் கம்மியாத்தான் சொல்லியிருக்கீங்க," என்று அழுதார்.

இந்த அம்மாள் கேக் கருகினாலும் அழக்கூடியவள், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தே இருக்க மாட்டாள், என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். போலியாக இருந்தாலும் சாட்சி சாட்சிதானே, அதுவும் நல்லதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கடையில் ஒரு கம்பளி வாங்கிக் காரில் போட்டுக்கொண்டார். வெறுங்கையோடு போய்த் தன் போர்வையைக் கேட்க அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். சொல்லப்போனால் போர்வையைவிட இது கனம் அதிகம்.

கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. கம்பளியும் கையுமாகக் கடைசி மாடிவரை படியேறி, மூச்சு வாங்க மணியை அடித்தார். பேசவேண்டியதை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கதவு திறந்தது.

"அண்ணி!" என்று நாத்தனார் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, வாங்க. இத்தனை வருஷத்துல இப்பத்தான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? அண்ணன் போன்ல சொன்னாரு, எனக்குன்னே வருஷக் கணக்கா உக்காந்து தச்சீங்களாமே! நான்தான் உங்களத் தப்பா நெனச்சுட்டேன் அண்ணி."

டாக்டரம்மாவுக்கு மனப்பாடம் மறந்துபோனது. கணவரை நினைத்துப் பல்லைக் கடித்தார். அதற்குள் நாத்தனார் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரே அறை. நடுவில் ஒரு வாளி இருந்தது. கூரையில் மஞ்சளாகக் கறை படர்ந்து, அதன் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நாத்தனாரின் கணவர் கட்டிலிலிருந்து அவசரமாக எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். "அச்சாபீஸ மூடிட்டாங்க. வேற தேடிட்டுத்தான் இருக்கேன்," என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். மூலையில் பெண்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் கழுத்துவரை ஸ்வெட்டர், காலில் சாக்ஸ்.

கூட்டத்தில் டாக்டரம்மா அளந்துவிட்ட பொய் ஒவ்வொன்றும் இங்கே அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் இதெல்லாம் என்றைக்கோ தெரிந்திருக்கும். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அதுவாவது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கேட்டார்.

"நீ சாப்பிட்டியா?"

"எனக்குப் பசிக்கல அண்ணி. நீங்க உக்காருங்க, டீ போடறேன்."

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். அப்போதுதான் பெண்களின் மடியில் கிடந்ததைப் பார்த்தார். வெள்ளையும் இளநீலமுமாக நட்சத்திரத்தின் ஒரு பாகம். ஒரு பாகம் மட்டும். வெட்டிய ஓரத்தைப் பழைய படுக்கை விரிப்புத் துணியால் மடித்துத் தைத்திருந்தார்கள். இன்னொரு பாகம் கட்டிலில், அவர் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

டாக்டரம்மா அதன் வெட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ரொம்பப் பெருசு அண்ணி அது," என்றாள் நாத்தனார், அடுப்படியிலிருந்து. "விரிச்சா ரூம் பத்தல. அவ்ளோ பெரிய கட்டிலுக்கு நாங்க எங்க போறது? அதான் மூணா வெட்டிட்டேன். ஒண்ணு பொண்ணுங்களுக்கு, ஒண்ணு எங்களுக்கு. கீழ்வீட்டுல ஒரு பெரியவர் தனியா கெடக்காரு, நடுங்கிக்கிட்டு. மூணாவது அவருக்கு. தப்பா அண்ணி?"

கூட்டம் போடாமல், ஓட்டெடுக்காமல், யாருக்கு எந்தக் கால் உடைந்திருக்கிறது என்று விசாரிக்காமல், ஒரே நாளில் மூன்று படுக்கைக்குப் போர்வை போய்ச் சேர்ந்திருந்தது. சங்கத்துக்கு அது இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட முடிந்ததில்லை.

"தப்பில்ல," என்றார் டாக்டரம்மா. மடியில் வைத்திருந்த கம்பளியை நீட்டினார். "இந்தா. இதுவும் உனக்குத்தான்."

நாத்தனார் டீ டம்ளரோடு வந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திருப்பித் தள்ளினாள்.

"வேணாம் அண்ணி. எங்களுக்கு இது போதும். உங்க சங்கத்துல குடுங்க. நெஜமாவே கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருப்பாங்க, அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்."

பெண்கள், புருஷன், வாளி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் அவள் அப்படிச் சொன்னாள். டம்ளரை வாங்கும்போது டாக்டரம்மாவின் கை நடுங்கி டீ தளும்பியது. அதை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, இப்படி நடுங்கறீங்க? இந்த ரூமே இப்படித்தான், ஐஸா இருக்கும்," என்று கட்டிலில் கிடந்த பாகத்தை எடுத்து உதறி, அவர் தோளைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்திவிட்டாள். "கொஞ்ச நேரம் இப்படியே உக்காருங்க."

டாக்டரம்மா எத்தனையோ போர்வைகள் தைத்தவர். சுவரில் மாட்டியிருக்கிறார், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார், பூச்சி உருண்டை போட்டுப் பூட்டியிருக்கிறார். ஒன்றைக்கூட ஒருநாளும் போர்த்திப் பார்த்ததில்லை. கதகதப்பாக இருந்தது. சங்கத்தில் அதைப் பற்றி இதுவரை யாரும் பேசியதே இல்லை.