ஏழாம் நிலையத்தின் கோடு

"தங்கச்சி, குளோரின் கலக்குற மோட்டார் நின்னு ரெண்டு மணி நேரமாச்சு. உங்க திரையில என்ன காட்டுது?"

ஏழாம் நீரேற்று நிலையத்து ஆபரேட்டர் போனில் கேட்டதும், கட்டுப்பாட்டு அறையில் அவள், சுவரை அடைத்துக்கொண்டிருந்த பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தாள். மேலே நிலையப் பட்டியலில் ஏழுதான் தேர்வாகியிருந்தது. கீழே குளோரின் கோடு சமர்த்துப் பிள்ளையாகப் பச்சையில் போய்க்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் காட்டுதுண்ணே."

"மூணு வாரமா இது நின்னு போறப்பல்லாம் இதேதான் சொல்றீங்க. மோட்டார மாத்துங்கன்னு நானும் தொண்டத் தண்ணி வத்தக் கேட்டுட்டேன். திரையில பச்சையா இருக்கேங்கறாங்க. அப்ப நான் என்ன, பொய்யா சொல்றேன்?"

அலுவலகத்தில் அவளுக்குத் திரைக்காரி என்றே பெயர். பன்னிரண்டு நிலையங்களுக்குப் பன்னிரண்டு திரை எதற்கு என்று, தரவுத்தளத்திடம் அளவுகளைக் கேட்டு வாங்க எல்லாவற்றுக்கும் ஒரே வினவலை எழுதியவள் அவள். நிலையத்தின் எண் வர வேண்டிய இடத்தில் எண்ணை எழுதாமல் ஒரு மாறியை வைத்துவிட்டால் போதும். பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த எண் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும், தரவுத்தளம் அந்த நிலையத்தின் அளவுகளைக் கொண்டுவந்து கொட்டும். அதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. இப்போது அந்த வினவலைத் திறந்து பார்த்தாள். நீரோட்டக் கோட்டுக்கான வரியில் அந்த மாறி சரியாக இருந்தது. அழுத்தக் கோட்டுக்கான வரியிலும் இருந்தது. குளோரின் வரியில் மட்டும், அந்த மாறி இருக்க வேண்டிய இடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி ஒரு மூன்று உட்கார்ந்திருந்தது.

சோதித்துப் பார்க்க அவளே போட்ட மூன்று. எடுக்க மறந்துவிட்டாள். மூன்று வாரமாக எந்த நிலையத்தைக் கேட்டாலும் திரை மூன்றாம் நிலையத்தின் குளோரினையே காட்டியிருக்கிறது. அந்த மனிதரைப் பொய்யராக்கியது அவள் போட்ட ஒரே ஒரு எண்.

அதை அழித்து மாறியை வைத்து, நிலையங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தாள். பதினோரு நிலையங்கள் பச்சையாகவே இருந்தன. கடைசியாகப் பார்த்த ஏழாவதன் குளோரின் கோடு மட்டும் சிவப்பாகி, திரையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து விறுவிறுவென்று வந்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு மேலிடத்துலேருந்து பார்க்க வர்றாங்கம்மா. பழையபடி மூணையே போட்டு வைங்க. ஒரே ஒரு நாள்."

"அந்தத் தண்ணிய ஜனங்க குடிக்கிறாங்க சார்."

"குடிச்சுக்கிட்டுத்தானே இருந்தாங்க? உங்க வேலை நிரந்தரமாகற பேப்பர் என் மேஜையில இருக்கு. தப்பு உங்களோடது. வெளிய வந்தா அந்தப் பேப்பர் நகராது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஐந்து வருடமாக அந்தக் காகிதத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். இப்போது அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"மறந்துபோய் போட்ட மூணுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன் சார். தெரிஞ்சே போடற மூணு என் கையால வராது."

அவர் எதிரிலேயே போனை எடுத்தாள். "அண்ணே, நீங்க சொன்னதுதான் நிஜம். தப்பு என்னோடது. தண்ணி வெளியே போற வால்வை மூடுங்க. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"மூடினா ஏரியா முழுக்கக் கத்துவாங்க தங்கச்சி."

"கத்தட்டும்ணே."

பிறகு எல்லா நிலையங்களுக்கும், நாளை வரவிருப்பவர்களுக்கும் சேர்த்து நான்கு வரி எழுதினாள். திரை மூன்று வாரம் காட்டிய குளோரின் அளவுகளை நம்ப வேண்டாம், பிழை என்னுடையது என்று எழுதி, அடியில் தன் முழுப்பெயரைப் போட்டாள்.

"யோசிச்சு அனுப்புங்க," என்றார் மேலாளர்.

"அனுப்பிட்டேன் சார்."

அவர் சட்டைப்பையில் போன் அடிக்கத் தொடங்கியது. அவர் எடுக்கவில்லை. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடியில் சிவப்புக் கோடு அசையாமல் கிடந்தது. அதற்கு மேலே ஏழாம் நிலையத்தின் நீரோட்டக் கோடு, அங்கே ஆபரேட்டர் வால்வுச் சக்கரத்தைத் திருகத் திருக, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.