பாரூர் ஏரியில் லிபியா எழுந்து நிற்பது

1

இந்தக் கதை ஒரு பேருந்து ஜன்னலில் கிடைத்தது. ஆடிக் காற்றில் பாரூர் ஏரிக்கு மேலே சிவப்பாக ஒரு பெரிய பட்டம். அதன் கயிறுகளின் மறுமுனையில் ஒரு பெண் தண்ணீரில் விழுந்தாள். பேருந்து திரும்பிவிட்டது. எழுந்தாளா என்று தெரியாது. இறங்கிப் போய்க் கேட்கிற ஆள் நான் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: அலைகளின் மேல் பறக்க வேண்டும் என்பது லிபியாவின் சிறுவயதுக் கனவு. அவள்

(பொய். ஓசூரில் அப்படிக் கனவு கண்ட யாரையும் எனக்குத் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: லிபியாவுக்கு வேலை வேண்டும்.

இது போதும்.

2

ஓசூரில் ஒரு தகடு கம்பெனியில் பல வருடம், காலால் மிதித்துத் தகடு வெட்டும் ப்ரெஸ் ஓட்டினாள். அது மூடியதும், தண்ணீர் விளையாட்டுப் பலகை செய்யும் சின்னக் கம்பெனியில் காண்ட்ராக்டில் சேர்ந்தாள். பலகைக்கு அடியில் ஒரு கம்பம். கம்பத்தின் நுனியில் விமான இறக்கை போல ஒன்று. பட்டம் இழுத்து வேகம் பிடித்தால், இறக்கை பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடும்.

(இங்கே விசைகளின் படம் ஒன்று வரைந்திருந்தேன். எடுத்துவிட்டேன். படத்தில் யாரும் விழுவதில்லை.)

வெளிநாட்டில் விற்க ஒரு வீடியோ வேண்டுமாம். இருப்பதிலேயே சின்னப் பலகை, ஏறினால் மூழ்குவது. தண்ணீரில் மல்லாந்து கிடந்தபடியே அதில் கால் வைத்து எழுந்து நிற்கிற பெண்ணுக்கு வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். லிபியா காவேரிப்பட்டினத்துக்காரி, நீச்சல் தெரியும். கையைத் தூக்கினாள். வீடியோவுக்கு இன்று கடைசி நாள்.

3

"முன்னங்கால்ல வெயிட்டு போடு புள்ள!" கரையிலிருந்து கத்தியது பிரதாப். கம்பெனியில் பலகைகளை ஓட்டிப் பார்ப்பவன் அவன்தான்.

"போட்டேண்ணா."

"எங்க போட்ட? பின்னங்கால மிதிச்ச. குதிர மாதிரி தூக்குச்சு பாரு."

"நானா மிதிக்கறேன்? அதுவா மிதிக்குது."

"அதுவான்னா? காலு யாருது, பக்கத்து வீட்டுதா?"

"ப்ரெஸ்ஸுது," என்றாள் லிபியா. மூக்கில் தண்ணீரோடு சிரித்தாள்.

ப்ரெஸ்ஸில் வலது கால் எப்போதும் பெடலில் இருக்கும். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றால் இன்னும் வேகமாக மிதிக்கும். பயம் என்றால் மிதி. அந்தக் கால் கற்றது அவ்வளவுதான். பட்டம் இழுத்தது, பலகை நடுங்கியது, கால் மிதித்தது. பலகையின் முனை வானத்தைப் பார்த்தது. அவள் மறுபடி தண்ணீரில்.

"வலது கால முன்னாடி வெச்சுக்கட்டுமா?"

"முன்னங்கால் மாறுனா போற தெசையும் மாறும். அப்ப அந்தப் பக்கமில்ல போவ? பூராக் கல்லு. மண்ட போயிரும்."

(இந்த யோசனை எனக்கு வந்தபோது சந்தோஷத்தில் எழுந்து நடந்தேன். கல்லை வைத்ததும் நான்தான். ஏரிக்கரை என்றால் கல் இருக்கும்.)

4

பட்டம் கரையில் விழுந்தது. பிரதாப் அதை எடுக்கப் போனபோது அவன் போன் அதிர்ந்தது. மேனேஜர். காண்ட்ராக்ட் பெண்கள் எல்லாரும் இந்த மாதத்தோடு சரி. லிபியாவும்தான். வீடியோ மட்டும் எப்படியாவது எடுத்துவிடு.

"யாருண்ணா?"

"ஒன்னுமில்ல."

"அப்ப இன்னொரு தடவ பட்டத்தப் புடிங்க. காத்து இருக்கறப்பவே."

முடிவு அ: எழுகிறாள். வீடியோ அழகாக வருகிறது. அடுத்த மாதம் வேலை இல்லை.

முடிவு ஆ: எழவில்லை. அடுத்த மாதம் வேலை இல்லை.

முடிவு இ: கடைசி நேரத்தில் மேனேஜர் மனம் மாறி

(எந்த மேனேஜர்?)

5

பிரதாப்பை இதற்கு மேல் என்னால் நகர்த்த முடியவில்லை. போனில் வந்ததை அவன் சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்ததெல்லாம் வீண் என்று இப்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், அவள் இன்னும் நன்றாக விழுவாள். ஒருவேளை எழுவாள். அது இன்னும் மோசம்.

அவனை அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். பட்டத்தின் விளிம்பு உங்கள் கையில் துடிக்கிறது. லிபியா இடுப்பளவு தண்ணீரில், பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உங்களைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறாள்.

விடலாம் என்று அர்த்தம்.