ராட்டினம் தெரியும் அறைகள்

அந்த விடுதியில் முந்நூற்றுப் பன்னிரண்டு அறைகள் இருந்தன. ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் என்ன தெரிகிறது என்று பார்த்து எழுதுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் வைத்திருந்தார்கள். அவளை எல்லாரும் நெட்டையக்கா என்று கூப்பிட்டார்கள். ஐந்தடி பத்தங்குலம் வளர்ந்துவிட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

விடுதி ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவின் மதிலை ஒட்டி நின்றது. பூங்காவின் நடுவில் ராட்சத ராட்டினம். ஜன்னலில் ராட்டினம் தெரிந்தால் அறைக்கு ஒரு விலை, குளம் தெரிந்தால் அதைவிடக் கொஞ்சம் குறைச்சல், தோட்டம் தெரிந்தால் இன்னும் குறைச்சல். எதுவுமே தெரியாவிட்டால் அதற்குப் பெயர் சாதா அறை. எந்த அறை எந்த வகை என்று தீர்மானிப்பது நெட்டையக்காவின் கண்தான். படிவத்தில் 'ஜன்னலருகே நின்று பார்த்தால் தெரிவது' என்று ஒரு கட்டம் இருக்கும். அவள் போய் நிற்பாள், பார்ப்பாள், எழுதுவாள், கீழே கையெழுத்துப் போடுவாள். ஒரு மரம் வளர்ந்துவிட்டால் மறுபடி போவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். தெரியாததைத் தெரிகிறது என்று ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் விலை ஏறாத பொருளே அங்கு கிடையாது. வண்டி நிறுத்தத் தனிக் கட்டணம், இரண்டாவது துண்டுக்குத் தனிக் கட்டணம், காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் போகத் தனிக் கட்டணம், வரிசையில் நிற்காமல் முந்திப்போகக் கையில் கட்டும் பட்டைக்குத் தனிக் கட்டணம். விருந்தாளிகள் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். அவர்கள் கொடுப்பதைப் பார்த்து மேலிடத்துக்குத் துணிச்சல் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ராட்டினம் தெரியும் அறைகளுக்கு ஒன்றரை மடங்கு வாங்குவதென்று முடிவாயிற்று. அவ்வளவு காசு வாங்கினால் நாளைக்கு யாராவது வழக்குப் போடலாம், ஆகவே எல்லா அறைகளுக்கும் புதிதாகப் படிவம் எழுதிக் கையெழுத்து வேண்டும் என்று வக்கீல்கள் சொல்லிவிட்டார்கள்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டுப் பத்து நாள் கெடு கொடுத்தார். மனிதர் கெட்டவரில்லை. யாரையும் அதட்டிப் பேசமாட்டார். எதைப் பார்த்தாலும் இதற்கு என்ன வாங்கலாம் என்று யோசிப்பது மட்டும்தான் அவருடைய வியாதி.

"முடிச்சுக் குடுத்துடுங்கம்மா. உங்கள நிரந்தரமாக்கற ஃபைல் என் மேஜைலதான் இருக்கு. அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார்.

ஆறு வருஷமாக அவள் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தாள். ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் ஒரு மாதம் சோறு இறங்காது. நிரந்தரம் என்றால் காய்ச்சல் வந்தால் ஒரு நாள் படுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினால் சமாளித்துவிடலாம். அந்தக் கையெழுத்துக்காக அவள் முந்நூற்றுப் பன்னிரண்டு அறை என்ன, மூவாயிரம் அறைகூட ஏறி இறங்கியிருப்பாள்.

இதற்கு நடுவில் இன்னொரு நல்லதும் நடந்தது. விலைபோகாமல் கிடக்கும் அறையில் ஊழியர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தோடு சும்மா தங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. விதி இருந்ததே தவிர அறை கிடைத்ததில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்நூற்றெட்டு காலியாகக் கிடந்தது. ராட்டினம் தெரியும் அறை. அவளே பார்த்து, அவளே எழுதி, அவளே கையெழுத்துப் போட்ட அறை.

ஏழு வயது மகளுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூட வண்டி ஓட்டும் கணவரும் அன்றைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். மதியம் முழுக்கப் பூங்காவில் சுற்றினார்கள். ஊழியர் குடும்பத்துக்கு நுழைவு இலவசம். ஆனால் உள்ளே போனபின் பெரிய சறுக்கலுக்குத் தனி, படகுக்குத் தனி, கரடி வேஷக்காரரோடு நின்று படம் எடுக்கத் தனி. ராட்டினத்தில் ஏறவும் தனிதான். அதற்கான சீட்டின் விலையைக் கேட்டுவிட்டுக் கணவர் வாங்காமல் திரும்பி வந்தார். பரவாயில்லை, ரூமுக்குப் போனால் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், இன்னும் அழகாகத் தெரியும் என்று அவள் மகளிடம் சொன்னாள்.

சாயங்காலம் அறைக்குள் நுழைந்ததும் மகள் ஓடிப்போய் ஜன்னல் முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"எங்கம்மா?"

"அதோ பாரு, நேரா."

"செடிதாம்மா இருக்கு."

இவள் போய் நின்றாள். ராட்டினம் முழுசாக, விளக்குப் போட்டுக்கொண்டு, கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்தாள். ராட்டினம் பாதியாயிற்று. மகளின் கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவரும் அதன்மேல் வரிசையாக வைத்த தொட்டிச் செடிகளும் மட்டும்தான் இருந்தன. செடி நன்றாகச் செழித்திருந்தது. 'பசுமை, கூடுதல் சிறப்பு' என்று அவளே படிவத்தில் எழுதியிருந்தாள்.

கணவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அப்போது தெரிந்தது. ஆனால் மதியம் முழுக்க நடந்த மனிதர், எத்தனை நேரம் தூக்குவார்? இறக்கிவிட்டபோது மகள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. பரவால்லம்மா, நான் பாத்துட்டேன் என்றாள். அது நெட்டையக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அழுதிருந்தாலாவது அதட்டியிருக்கலாம்.

அதைவிட இன்னொரு விஷயம் அவளை அரிக்க ஆரம்பித்தது. இந்த அறைகளுக்கு யார் வருகிறார்கள்? குழந்தை வைத்திருப்பவர்கள். யாருக்காக அந்தக் காசைக் கொடுக்கிறார்கள்? குழந்தைக்காக. யாருடைய கண்ணால் பார்த்து அந்த விலையைப் போட்டார்கள்? இந்த விடுதியிலேயே அதிக உயரமான பொம்பளையின் கண்ணால். ஆறு வருஷமாக இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை. 'நின்று பார்த்தால்' என்று படிவம் கேட்டது, அவள் நின்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு ஜன்னல் முன்னாலும் மண்டி போட்டு, கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும்படி முதுகை வளைத்துப் பார்த்தாள். பிறகு நாலடி. பிறகு நாலரை. எந்த உயரத்தில் ராட்டினம் ஆரம்பிக்கிறது என்று நாடாவில் பார்த்துக் குறித்துக்கொண்டாள். முட்டி கன்றிப்போயிற்று. ஆனால் அவளால் நிறுத்த முடியவில்லை. அடுத்த அறையில் எப்படி, அதற்கடுத்ததில் எப்படி என்று ஒரு பரபரப்பு. ஆறு வருஷம் பார்த்துப் பார்த்துச் சலித்த ஜன்னல்களெல்லாம் புதுசாக இருந்தன.

அறை பெருக்கும் அம்மாள் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம் ஆனவர், வாளியோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னடியம்மா, கம்மல் விழுந்துடுச்சா?"

"இல்லக்கா. ராட்டினம் தொலைஞ்சுடுச்சு."

ராட்டினம் தெரியும் அறைகள் என்று எழுதப்பட்டவை நாற்பத்தொன்று. அதில் இருபத்தொன்பதில் நாலடிக்குக் கீழே இருக்கும் எவருக்கும் செடியைத் தவிர எதுவும் தெரியாது.

ஐந்தாம் நாள் சலவைக்கூடத்துப் பக்கம் போனாள். அது பழைய கட்டடம். இரண்டாம் தளத்தில் இருபத்திரண்டு சாதா அறைகள், விடுதியிலேயே மலிவு. சலவைக்கூடத்தின் சூடான காற்றை வெளியேற்றும் தகரக் குழாய், பீப்பாய்ப் பருமனில், ஜன்னல்களுக்கு நேர் வெளியே நீளமாகப் போகும். நின்று பார்த்தால் குழாய்தான் தெரியும். 'காட்சி: இல்லை' என்று ஆறு வருஷமாக ஒரே வரியை எழுதிவந்தாள். பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் இருநூற்றுப் பதினாலில் மண்டி போட்டாள்.

பழைய கட்டடம் என்பதால் ஜன்னல் கிட்டத்தட்டத் தரைவரை இறங்கியிருந்தது. குழாய் தலைக்கு மேலே போய்விட்டது. குழாய்க்குக் கீழே, சலவைக்கூடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்த சந்தில், ராட்டினம் நின்றது. அடி முதல் நுனிவரை, ஒரு செடி மறைக்கவில்லை. எந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளிக்கார அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் சிரமப்பட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, இருபது வருஷமா இந்த ஜன்னலத் துடைக்கறேன், ஒருநாள் குனிஞ்சதில்லையே என்று வாயைப் பிளந்தார். அடுத்த அறையிலும் அப்படியே. இருபத்திரண்டிலும் அப்படியே. விடுதியின் மிக நல்ல காட்சி, மிக மலிவான அறையில், நாலரை அடிக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்.

பத்தாம் நாள் படிவக் கட்டோடு மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தாள். சலவைக்கூடத்துப் படிவங்களை இன்னும் நிரப்பவில்லை. முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடலாம், அதற்கு அவர் முகம் சுருங்கினால் இந்த அதிசயத்தைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். நிரந்தர ஃபைல் மேஜையின் ஓரத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் பேசினாள். இருபத்தொன்பது அறைகளில் குழந்தைகளுக்கு ராட்டினம் தெரியவில்லை, தெரிகிறது என்று தன்னால் இனி கையெழுத்துப் போட முடியாது என்றாள். ஆறு வருஷத்து வேலை கையைவிட்டுப் போகிறது என்றே நினைத்தாள்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கவில்லை. மெல்ல மலர்ந்தது.

"ஸ்டூல்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"ரெண்டு படி வச்ச ஸ்டூல். கலர் அடிச்சு, ராட்டினப் படம் போட்டு. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வாடகை. எந்த அப்பா அம்மா வேண்டாம்பாங்க? அருமையான வேலை பண்ணியிருக்கீங்கம்மா. படிவத்துல 'ஸ்டூலோட'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம். அது பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். அவர் உற்சாகத்தில் மேஜையின் மேல் குனிந்தார். இந்தமாதிரி குழந்தை உயரத்துக்கு வேறு எங்கேயாவது ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேட்டார். சலவைக்கூடத்துப் பக்கமெல்லாம் பார்த்தீர்களா என்றும் கேட்டார்.

நெட்டையக்கா அவர் கண்களைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருபத்திரண்டு ஜன்னல்களும் வரிசையாக விலைச்சீட்டோடு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. குழந்தைகளுக்கான சிறப்புக் காட்சி அறை. ஒன்றரை மடங்கு, ஏன், இரண்டு மடங்கு. இப்போது அங்கே தங்குகிறவர்கள் யார் என்று அவளுக்குத் தெரியும். வண்டி நிறுத்தக் காசு கேட்டால் பஸ்ஸில் வருகிறவர்கள். இரண்டாவது துண்டு கேட்காதவர்கள். அவளைப் போன்றவர்கள்.

"பாத்தேன் சார். அங்க ஒண்ணும் தெரியாது. குழாய்தான்."

சொன்னபின் காது சுட்டது. ஆறு வருஷத்தில் முதல் பொய். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லாதவள், தெரிவதைத் தெரியாது என்கிறாள். யாராவது குனிந்து பார்த்துவிட்டால் வேலை போய்விடும். வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குறுகுறுவென்று சந்தோஷமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சந்தோஷம்தான் அதிகம்.

"அப்ப அதைத் தொட வேண்டாம். ஒண்ணும் தெரியாத ரூமுக்கு எப்படி ஏத்தறது," என்று மேலாளர் ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து இருபத்திரண்டு படிவங்களிலும் 'காட்சி: இல்லை' என்று எழுதி, தன் கையெழுத்தையும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல், பழைய ஆட்கள் அறையைக் காலி செய்து புது ஆட்கள் வருவதற்குள் இருந்த அரைமணி நேரத்தில், மகளைக் கூட்டிக்கொண்டு இருநூற்றுப் பதினாலுக்குப் போனாள். அறை பெருக்கும் அம்மாள் வாளியை வாசலில் வைத்துவிட்டுக் காவலுக்கு நின்றார். நெட்டையக்கா மகளை ஜன்னல் பக்கம் நகர்த்தி, பாரு என்றாள்.

மகள் பார்க்கவில்லை. கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாக்கறதுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லடா. சும்மாதான்."

மகள் நம்பவில்லை. திரும்பி வாசலில் நின்றவரைப் பார்த்தாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கப்புறம்தான் அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.