நான்குக்கு மேற்படாமல்

சாப்பாட்டு நேரத்தில் முத்துச்செல்வி கணக்குக் கைடைத் திறந்தபோது, கழுவியும் போகாத அலுமினியத் தூள் தாளில் வெள்ளியாக ஒட்டியது. வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப் போகிறாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் நாகஜோதியும்தான். நாகஜோதிக்குக் கணக்கு கொஞ்சம் வரும். முத்துச்செல்விக்கோ எக்ஸைக் கண்டால் உடனே விடை எழுதிவிட வேண்டும்.

"எக்ஸ் கூட்டல் மூணு. இதுக்கு என்ன விடை?"

"விடை கெடையாது புள்ள. சமக்குறியே இல்லையே, இது வெறும் கோவை. எக்ஸ் கூட்டல் மூணு சமம் ஏளுன்னு போட்டாத்தான் சமன்பாடு. அப்ப எக்ஸ் நாலுன்னு சொல்லலாம்."

"எக்ஸுக்கும் நாலுக்கும் நடுவுல காக்கா மூக்கு மாதிரி ஒண்ணு போட்டு, கீள கோடு இளுத்திருக்கே?"

"அது அசமன்பாடு. எக்ஸ் நாலுக்கு மேல போகக் கூடாதுங்குது. மூணு இருக்கலாம், நாலும் இருக்கலாம். அஞ்சு ஆகாது."

முத்துச்செல்வி தலையைத் தூக்கித் தங்கள் வேலை அறையின் வெளிச்சுவரைப் பார்த்தாள். 'ஆட்கள் நான்குக்கு மேற்படாமல்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஆறு வருஷமாக அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வருகிறாள்.

"அப்ப அங்கன எளுதியிருக்கதும் இதுதானா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்ததும் போர்மேன் காளிராஜ் இன்னும் மூன்று பெண்களை அந்த அறைக்குக் கூட்டிவந்தான். தீபாவளி லோடு சாயங்காலம் ஏற வேண்டும். ஏற்கெனவே உள்ளே நான்கு பேர். மருந்துத் தட்டுகளை ஒன்றோடொன்று இடிக்கத் தள்ளி இடம் பண்ணச் சொன்னான்.

முத்துச்செல்வி எழுந்தாள். "அண்ணாச்சி, நாலுக்கு மேல ஆகாதுன்னு வெளிய போட்டிருக்கீக."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அறைந்தான். அவள் வாசல் நிலையில் மோதி விழுந்தாள். கொண்டையைப் பிடித்துத் தூக்கி, பழைய இடத்திலேயே உட்காரவைத்தான். "எனக்கே சட்டம் படிக்கியா? குனிஞ்சு வேலையப் பாரு."

அவள் உதட்டிலிருந்து ரத்தம் மடியில் சொட்டியது. நாகஜோதியைப் பார்த்தாள். நாகஜோதி குனிந்து, காகிதக் குழாயில் மருந்தை அடைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நாகஜோதிக்கு இருந்தது. அடுத்த குழாயை எடுத்தாள். குழாய் தீர்ந்துவிட்டது, போய் எடுத்து வா என்று காளிராஜ் அவளை அனுப்பியபோது, அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று குழாய் வைத்திருக்கும் அறைக்கு வேகமாக நடந்தாள்.

குழாய்க் கட்டைத் தூக்கிய நிமிஷம் தரை அவளை எறிந்தது. எழுந்தபோது காது அடைத்துவிட்டிருந்தது. அவர்கள் வேலை செய்த அறைக்குக் கூரை இல்லை. புகை வெள்ளையாகச் சுருண்டு மேலே போனது. வேலியைத் தாண்டிப் பெண்கள் வாயைத் திறந்தபடி ஓடினார்கள். ஒரு சத்தமும் இல்லை.

இடிந்த சுவரோரம் காளிராஜ் ஒரு உடலைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். காப்பாற்றுகிறான் என்று நினைத்து அவள் ஓடினாள். ஆனால் அவன் திறந்த வெளிக்குப் போகவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த அறைக்குள் இழுத்துப் போனான். அங்கே ஏற்கெனவே ஒரு உடல் கிடந்தது. ஆறு பேரில் இந்த இரண்டைக் கழித்தால், வெடித்த அறையில் சுவரில் எழுதியபடி நான்கு பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். அவளுக்கு அது புரிந்தபோது, அவன் கையிலிருந்த கால் உதறியது. முத்துச்செல்வியின் கால்.

"உசுரு இருக்குலே! விடுலே!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தான், விடவில்லை. சுவரில் தொங்கிய மணல் வாளியை எடுத்து அவன் தலையில் அடித்தாள். விழுந்தான். மறுபடியும் அடித்தாள். மணல் முழுக்கக் கொட்டி, வாளி நசுங்கி, அவன் கையால் மறைப்பதை நிறுத்திய பிறகும் அடித்தாள். யாரோ பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார்கள்.

ஆம்புலன்ஸில் முத்துச்செல்வியோடு நாகஜோதியையும் ஏற்றினார்கள். சிவகாசி ரோட்டில் வண்டி குலுங்கியது. முத்துச்செல்வியின் முகத்தில் கண்ணும் வாயும் மட்டும்தான் அடையாளம் தெரிந்தன. அந்த வாய் அசைந்தது. நாகஜோதி அடைத்த காதைக் கொண்டுபோய் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து உதடுகளைப் பார்த்தாள். அவை நிற்காமல் எதையோ சொல்லிக்கொண்டே வந்தன.